முன்னச்சும் நிறுத்தும் சக்தியும்

கோபன்ஹேகன் நகரில் 1919-ஆம் ஆண்டிலேயே கால் ஊன்றிய ஃபோர்டு கம்பெனி, 1924-இல் அந்நகரின் தெற்குத் துறைமுகப் பகுதியில் பெரியதொரு தொழிற்சாலையை எழுப்பி, டென்மார்க்குக்கும் அண்டை நாடுகளுக்கும் வேண்டிய கார்களை அங்கேயே இணைத்துக் கட்டி அனுப்பி வந்தது என்ற சரித்திரத்தை அறிந்தவர்களுக்கு, யூலண்ட் குடாநாட்டின் பண்ணைக் கொட்டகைகளிலிருந்து இன்றைக்கும் ‘மாடல் ஏ’ ஃபோர்டு வண்டிகள் வெளிப்பட்டுக்கொண்டிருப்பது ஆச்சரியமாகத் தோன்றாது. 1927-ஆம் வருஷக் கடைசியில் அறிமுகமாகி 1931 வரை உற்பத்தியான அந்த மாதிரியில், உலகம் முழுவதிலுமாக 48 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றில் சிலவற்றின் முன்னச்சையும் பிரேக்கையும் கழற்றிப் புதுக்கிப் பூட்டும் பாக்கியம், யாழ்ப்பாணத்தில் மொரிஸ் மைனரிலும் ஆஸ்டின் ஏ40-இலும் தொழில் பயின்று, 1980-களின் நடுப்பகுதியில் அகதியாக இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்த எனக்கு வாய்த்தது. அந்த வேலையில் நான் கண்டறிந்தவற்றை, வேலைப் பெஞ்சில் எந்த ஒழுங்கில் கண்டேனோ ஏறக்குறைய அதே ஒழுங்கில் இங்கே எழுதுகிறேன்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே கோரிக்கையோடுதான் வருகிறார்கள்: “பிரேக்கை ஹைட்ராலிக் ஆக்கித் தர வேண்டும்.” 1930-ஆம் வருஷத்து இரண்டு கதவு ‘டியூடர்’ ஒன்றைக் கொண்டு வந்த பள்ளி ஆசிரியர் ஒருவரும் அப்படித்தான் கேட்டார். இந்த நாட்டில் கிராமப்புறச் சாலைகளின் வேக எல்லை மணிக்கு 80 கிலோமீட்டர். மாடல் ஏ-யின் நாற்பது குதிரைச் சக்தி எஞ்சின் அந்த வேகத்தைச் சிரமமில்லாமல் எட்டிவிடும். ஆனால் முன்னால் போகும் நவீன வண்டி திடீரென்று நின்றால் தம்முடைய வண்டி நிற்குமா என்பதுதான் அவருடைய சந்தேகம். நியாயமான சந்தேகம்.

என்றாலும், பழைய பிரேக்கைப் பழிப்பதற்கு முன் அதைப் புரிந்துகொள்வது அவசியம். நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் பெற்ற முதல் ஃபோர்டு இந்த மாடல் ஏ-தான். இதற்கு முந்திய மாடல் டி-யின் கால் பிரேக் கியர்ப் பெட்டிக்குள்ளேதான் பிடித்தது. மாடல் ஏ-யில் மிதியை அழுத்தினால் குறுக்கே கிடக்கும் தண்டு ஒன்று சுழன்று, அதிலிருந்து நான்கு சக்கரங்களுக்கும் செல்லும் எஃகுக் கம்பிகளை இழுக்கும். முன்சக்கரங்களில் அந்த இழுப்பு, கிங்பின் என்ற திரும்பு முளைக்கு மேலே அமர்ந்திருக்கும் ஒரு சிறு நெம்புகோலை அசைக்க, அந்த நெம்புகோல் கிங்பின்னின் நடுவே துளைத்த துவாரத்தின் வழியாக ஓர் ஊசியைக் கீழே தள்ள, அந்த ஊசி ஓர் ஆப்பைத் தள்ள, அந்த ஆப்பு இரண்டு ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்தும். சக்கரம் திரும்பும் அச்சின் நடுவிலேயே பிரேக் விசையும் இறங்குவதால், ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் பிரேக்கின் பிடி மாறுவதில்லை. இதை யோசித்த மனிதரின் புத்திநுட்பத்தை நான் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் வியக்கிறேன்.

ஊசியும் நெம்புகோலும் கம்பி முனைகளின் கொக்கிகளும் தேயாமல் இருந்து, நான்கு கம்பிகளும் சமமாக இழுக்கும்படி சிரத்தையோடு சரிசெய்யப்பட்டிருந்தால், இந்தப் பிரேக் சக்கரத்தை இறுக்கிப் பூட்டிவிடக் கூடியது. இதன் உண்மையான பலவீனம் கம்பியில் இல்லை, டிரம்மில் இருக்கிறது. தகட்டை அழுத்தி உருவாக்கிய அந்த 11 அங்குல டிரம், சூடேறியதும் வாய்ப்புறம் விரிந்துகொள்ளும். ஷூ எவ்வளவு விரிந்தாலும் டிரம் அதைவிட்டு விலகிப் போவதால், நீண்ட இறக்கத்தில் மிதி தரையை நோக்கி இறங்கிக்கொண்டே போகும். ஆகையால், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குள் வண்டியை உலாவ விடுகிறவர்களுக்கு, “வார்ப்பிரும்பு டிரம் போட்டு, கம்பி முனைகளின் தேய்மானத்தை எடுத்துவிட்டால் போதும், பணத்தை மிச்சப்படுத்துங்கள்” என்றுதான் நான் சொல்வேன். ஆசிரியர் அப்படிப்பட்டவர் அல்லர். மனைவியோடு நாடு முழுவதும் பிரயாணம் செய்ய நினைத்தார்.

ஹைட்ராலிக் பிரேக் ஒன்றும் அந்தக் காலத்துக்கு அந்நியமானதன்று. 1921-இல் டூசன்பெர்க், 1924-இல் கிரைஸ்லர், 1928-இல் பிளிமத், 1936-இல் செவ்ரலே என்று மற்றவர்களெல்லாம் எண்ணெய் அழுத்தத்துக்கு மாறிய பிறகும், மிதியிலிருந்து சக்கரம் வரை எஃகு இருப்பதே பத்திரம் என்ற பிடிவாதத்தில் ஹென்றி ஃபோர்டு மட்டும் நின்றார். கடைசியில் 1939-ஆம் வருஷத்து மாதிரியில் அவரும் லாக்ஹீட் முறைக்கு மாறினார். அந்த 12 அங்குலப் பிரேக், 1928-இல் வந்த முன்னச்சிலும் அதிகச் சிரமமின்றிப் பொருந்தும் என்பதைக் கண்டுகொண்ட அமெரிக்க இளைஞர்கள் அப்போதே அதைத் தங்கள் பழைய வண்டிகளில் பூட்டிவிட்டார்கள். ஆகவே மாடல் ஏ-யில் 1939-இன் பிரேக்கைப் பூட்டுவது அந்த வண்டியின் வாழ்நாளிலேயே வழக்கத்துக்கு வந்த ஒரு மாற்றம். அதே வண்டியில் நேற்று வார்த்த டிஸ்க் பிரேக்கைப் பூட்டுவதில் எனக்கு மனம் ஒப்புவதில்லை. அது நன்றாகவே நிறுத்தும், ஆனால் வண்டி தன்னுடைய வம்சத்தை விட்டு விலகிவிடும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். ஆட்களையும் சேர்த்து 1,250 கிலோ எடையுள்ள வண்டி 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதில் அடங்கியிருக்கும் இயக்க சக்தி ஏறக்குறைய 1,74,000 ஜூல். 80 கிலோமீட்டரில் அது 3,09,000 ஜூல். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடினால் சக்தி முக்காற்பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. அந்த வண்டியை ஐம்பது மீட்டருக்குள் நிறுத்தும்போது, பின்சக்கரங்களின் மேலிருந்த பாரத்தில் சுமார் 150 கிலோ முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. முன்சக்கரங்களை நிறுத்தும் முறுக்கு முழுவதும் ஷூவிலிருந்து பின்தட்டுக்கும், பின்தட்டிலிருந்து சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிண்டிலுக்கும், அங்கிருந்து கிங்பின்னுக்கும், கிங்பின்னிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து அதைப் பின்னோக்கிப் பிடித்திருக்கும் கவைத் தண்டுக்கும் போய், அதன் பிறகே வண்டியின் உடலை அடைகிறது. இந்தப் பாதையில் எங்கே தளர்வு இருக்கிறதோ அங்கே அந்தச் சக்தி ஆடிப்பார்க்கும். பழைய பலவீனமான பிரேக்குடன் எழுபது ஆண்டுகள் தெரியாமலே மறைந்து கிடந்த தளர்வெல்லாம், நல்ல பிரேக் பூட்டிய முதல் நாளில் வெளியே வந்துவிடும்.

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் நான் வேலை பழகிய காலத்தில் எங்கள் பாஸ் இதைத்தான் தம்முடைய பாஷையில் சொல்வார்: “தம்பி, பிரேக்கை டிரம்முக்குள்ளை தேடாதை; சில்லு எதிலை தொங்குதெண்டு முதல்லை பார்.” மொரிஸ் மைனரின் முன்சக்கரம் மரையிட்ட ஒரு முளையில் தொங்குகிறது; கிரீஸ் வைக்க மறந்தால் அந்த மரை உள்ளே தேய்ந்து, ஒரு நாள் ஏதேனும் ஒரு சந்தியில் திரும்பும்போது சக்கரம் கழன்று மட்கார்டுக்குள் மடிந்துவிடும். அப்படி மடிந்த வண்டிகள் பல எங்கள் கராஜுக்கு இழுத்து வரப்பட்டதைக் கண்டிருக்கிறேன். ஆகையால், பிரேக் வேலைக்கு வந்த எந்த வண்டியானாலும் பாஸ் முதலில் ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் டிரம்மில் கைவைப்பார். ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், முற்றிலும் வேறான அமைப்புடைய ஃபோர்டு அச்சின் முன்னால் உட்கார்ந்தபோதும் நான் அந்த முறையை விடவில்லை.

மாடல் ஏ-யின் முன்னச்சு, குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில ‘ஐ’ எழுத்தின் வடிவம் கொண்ட, காய்ச்சி அடித்த ஒரே எஃகுத் துண்டு. அதற்கு மேலே வண்டியின் குறுக்காக ஒரே ஒரு வில்பட்டைக் கட்டு. கிங்பின் துவாரங்களில் நீண்ட நேர்தண்டுகளைச் செருகி இருபுறமும் கோணம் பார்த்தால், அச்சு எப்போதாவது பள்ளத்தில் விழுந்து வளைந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். ஆசிரியரின் அச்சில் இடப்புறம் சற்று வளைவு இருந்தது. அச்சைச் சூடாக்காமல், பிரஸ்ஸில் குளிர்ந்த நிலையிலேயே அழுத்தி நேராக்க வேண்டும். நெருப்புக் காட்டினால் அந்த எஃகின் பதம் கெட்டுவிடும்.

அடுத்து கிங்பின். பழைய முளைகளையும் புஷ்களையும் தட்டி எடுத்துவிட்டு, 1939-இன் பிரேக்கை ஏற்கும், 1937-இலிருந்து 1941 வரை வந்த ஸ்பிண்டில்களில் புதிய வெண்கலப் புஷ்களை, கிரீஸ் துவாரங்கள் நேர்படும்படி பார்த்து, வைஸில் வைத்து மெல்ல அழுத்தி ஏற்றினேன். இந்த இடத்தில் ரீமர் என்ற கருவிதான் எல்லாவற்றையும் நிர்ணயிக்கிறது. மேல் புஷ்ஷையும் கீழ்ப் புஷ்ஷையும் தனித்தனியே துருவினால் இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமையாது. ஆகவே முனையில் வழிகாட்டித் தண்டு நீண்டிருக்கும் ரீமரை ஒரு புஷ்ஷின் வழியாக மறு புஷ்ஷுக்குள் நுழைத்து, எண்ணெய் விட்டு, வெட்டும் திசையிலேயே சீராகச் சுழற்ற வேண்டும். பாதியில் நிறுத்திப் பின்புறமாகத் திருப்பினால் வெண்கலத்தில் கோடு விழுந்துவிடும். நன்றாக வெட்டும்போது கையில் ஓர் இழைவான தடை தெரியும். துருவல் பொன்னிறத்தில் மயிரிழை போலச் சுருண்டு வரும். எண்ணெயைத் துடைத்துவிட்டு முளையைச் செருகி, கட்டைவிரலால் மெல்லத் தள்ளினால் அது மறுபுறம் போக வேண்டும். தானாக விழுந்துவிட்டாலும் தவறு, சுத்தியல் தேவைப்பட்டாலும் தவறு. அளவுகோல்கள் எத்தனை இருந்தாலும் கடைசித் தீர்ப்பை நான் கட்டைவிரலிடமே விடுகிறேன். பிந்திய காலத்து ஸ்பிண்டிலின் வாய் பழைய அச்சின் தலையைவிடச் சற்று அகலமானது. அந்த இடைவெளியை உரிய மொத்தத்தில் வாஷர் இட்டு நிரப்பாவிட்டால் ஸ்பிண்டில் மேலும் கீழும் துள்ளும்.

கவைத் தண்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அச்சின் இரு முனைகளிலிருந்தும் தொடங்கி வண்டியின் நடுவை நோக்கிக் குவிந்து, கிளட்ச் உறைக்கு அடியில் ஒரு பந்துக் கிண்ணத்தில் சென்று முடியும் இந்தக் கவை, அச்சு முன்னும் பின்னும் புரண்டுவிடாமல் பிடித்திருக்கிறது. பிரேக் அழுத்தும்போது சக்கரம் தான் சுழலும் திசையிலேயே அச்சையும் புரட்டப் பார்க்கும். அதனால் கவையின் பின்முனை மேலே எழ முயலும். கிண்ணம் தேய்ந்து அந்த முனை ஒரு சென்டிமீட்டர் எழுந்தாலே, கவையின் நீளம் ஒரு மீட்டர் என்று கொண்டால், கிங்பின்னின் சாய்வில் அரைப் பாகைக்கு மேல் குறைந்துவிடும். கிங்பின்னின் தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அந்த ஐந்து பாகை அளவிலான கோணம்தான் சக்கரத்தை நேர்வழியில் வைத்திருப்பது. மிக அவசியமான கணத்தில் அது குறைந்தால், ஸ்டியரிங் கையில் நடுங்கத் தொடங்கும். “புது பிரேக் போட்ட பிறகுதான் வண்டி ஆடுகிறது” என்று புகார் செய்கிறவர்களின் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது இந்தப் பந்தைத்தான். தேய்ந்த பந்தின் மேல் உலோகம் ஏற்றி, லேத்தில் உருட்டிக் கடைந்து, புதிய மூடியும் ஸ்பிரிங்கும் போட்டால் அந்தப் புகார் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

இந்தக் கவையை நடுவில் வெட்டிப் பிரித்து, இரு தண்டுகளையும் சட்டத்தின் இரு பக்கங்களில் தனித்தனியே பூட்டுகிற வழக்கம் ஒன்றும் உண்டு. பெரிய எஞ்சின் வைப்பவர்களுக்கு இடம் தேவைப்படுவதால் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் அப்படிப் பிரித்த பிறகு ஒரு சக்கரம் மேட்டில் ஏறும்போதெல்லாம் அச்சே முறுகியாக வேண்டும். ‘ஐ’ வடிவ அச்சு அதைப் பொறுத்துக்கொள்ளும், குழாய் வடிவ அச்சு பொறுக்காது. மூல எஞ்சினையே வைத்திருக்கும் வண்டியில் கவையை வெட்டுவதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் பிரேக். 1939-இன் லாக்ஹீட் அமைப்பில் இரண்டு ஷூக்களுக்கும் கீழே தனித்தனி ஊன்று முளைகள் உண்டு. அந்த முளைகள் மையம் விலகிச் செய்யப்பட்டவை. அவற்றைத் திருப்பித் திருப்பி, ஷூவின் மேல் முனையும் கீழ் முனையும் டிரம்மை ஒரே சமயத்தில் தொடும்படி அமைக்க வேண்டும். பிற்காலத்து பெண்டிக்ஸ் பிரேக்கில் ஒரு ஷூ மற்றொன்றைத் தள்ளித் தானே பலம் சேர்த்துக்கொள்ளும். லாக்ஹீடில் அந்தச் சலுகை கிடையாது. அதனால் லைனிங்கின் வளைவு டிரம்மின் வளைவோடு முற்றிலும் பொருந்தியிருப்பது இன்றியமையாதது. டிரம்மின் உட்புறம் சாக்கட்டியைத் தடவி, ஷூவை வைத்துத் தேய்த்துப் பார்த்தால் எங்கே தொடுகிறது என்று தெரியும். நடுவில் மட்டும் வெள்ளை படிந்தால் அந்த இடத்தை அரைத்து எடுக்க வேண்டும். லைனிங்கின் முழு அகலத்திலும் நீளத்திலும் வெள்ளை படியும் வரை நான் டிரம்மை மூடுவதில்லை.

ஆசிரியர் பழைய கம்பிச் சக்கரங்களையே வைத்துக்கொள்ள விரும்பினார். அதற்காக எடுத்துக்கொண்ட, 1940 முதல் வந்த டிரம்மில் போல்ட்டுகளின் இடைவெளி அவற்றுக்குச் சரியாகவே இருக்கும்; ஆனால் கம்பிச் சக்கரத்தின் நடுப்பகுதி பழைய டிரம்மின் முகத்தில் சாய்ந்திருந்தது போலப் புதியதில் சாய்வதில்லை; இடையில் ஒரு தாங்கு வளையம் போடாமல் நட்டை இறுக்கினால் சக்கரத்தின் நடு வளைந்து, காலப்போக்கில் வெடித்துவிடும். விலை அற்பமான அந்த வளையம் பார்வைக்குத் தெரியாத இடத்தில் இருப்பதாலேயே பலரால் மறக்கப்படுகிறது.

குழாய்களுக்குச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தையே நான் உபயோகிக்கிறேன். இந்த நாட்டில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்புத் தூவுகிறார்கள். எஃகுக் குழாய் அந்த உப்புக்கு அதிக காலம் ஈடுகொடுக்காது. மாஸ்டர் சிலிண்டரைப் பழைய மிதிக்குப் பக்கத்திலேயே சட்டத்தின் குறுக்குத் துண்டில் பூட்டினேன். அதற்கென்று சட்டத்தில் ஒரு புதிய துவாரமும் இடவில்லை, ஏற்கெனவே இருந்த துவாரங்களையே பயன்படுத்தினேன். கழற்றிய கம்பிகள், நெம்புகோல்கள், ஊசிகள், பழைய டிரம்கள் யாவும் எண்ணெய் பூசி, பெயர் எழுதிக் கட்டி, உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அதற்குக் காரணம் வெறும் பக்தி மட்டுமன்று. டென்மார்க்கில் கார் வாங்குகிறவன் செலுத்தும் பதிவு வரி உலகிலேயே கடுமையானவற்றுள் ஒன்று; ஆனால் 35 வயது கடந்து மூலநிலையில் இருக்கும் வண்டிக்கு, அது புதிதாக விற்கப்பட்ட காலத்து விலையின் 40 சதவீதத்தை மதிப்பாகக் கொண்டு வரி விதிக்கும் சலுகை உண்டு. கட்டாயப் பரிசோதனையும் அத்தகைய வண்டிக்கு எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். ஆகவே எந்த மாற்றம் வண்டியின் காலத்தோடு ஒட்டியது, எது ஒட்டாதது என்ற கேள்வி இங்கே பணத்தோடும் சம்பந்தப்பட்டது. வேலை தொடங்குவதற்கு முன்பே பரிசோதனை நிலையத்துக்குப் போய், 1939-இன் உறுப்புகளின் படங்களைக் காட்டிப் பேசிவிடுவது என் வழக்கம். முடிந்த பிறகு போய் வாதாடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

எட்டு ஆண்டு என்ற அந்த இடைவெளியில், நேர்மையாகச் சொன்னால், எனக்குத் திருப்தியில்லை. அரசாங்கம் பழைய வண்டிக்காரரின் சிரத்தையை நம்புகிறது, நல்லதுதான். ஆனால் ரப்பர்க் குழாயும் சிலிண்டரின் ரப்பர்க் கிண்ணமும் எட்டு ஆண்டுகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

யூலண்டின் மேற்குக் கரையிலுள்ள ரோமோ தீவின் மணற்கரையில், 2016 முதல் பழைய வண்டிகளின் ஓட்டத் திருவிழா ஒன்று நடந்து வருகிறது. 1947-க்கு முந்திய வண்டிகள் அங்கே ஈர மணலில் ஓடுகின்றன. அதற்குச் சற்று வடக்கேயுள்ள ஃபனோ தீவில் நூறாண்டுகளுக்கு முன்பு இதே போன்ற பந்தயங்கள் நடந்தன. 1924-இல் மால்கம் கேம்பலின் வண்டியிலிருந்து கழன்ற டயர் ஒன்று பட்டு ஒரு சிறுவன் உயிரிழந்ததோடு அவை முடிவுக்கு வந்தன. ரோமோவுக்குப் போய் வரும் வண்டிகள் என்னிடம் வரும்போது டிரம்முக்குள் மணலும் உப்பும் படிந்திருக்கும். டிரம்மைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்தி, கிங்பின்னுக்குப் புதிய கிரீஸை, பழையது முழுவதும் பிதுங்கி வெளியேறும் வரை செலுத்த வேண்டும். இதைக் கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே செய்வது உத்தமம்.

ஆசிரியரின் வண்டி முடிந்ததும், முன்சக்கரங்களின் முன்விளிம்புகள் பின்விளிம்புகளைவிட ஒன்றரை மில்லிமீட்டர் உள்நோக்கி இருக்கும்படி அமைத்து, ஆளரவமற்ற ஒரு நேர்ச்சாலையில் முதலில் முப்பதில், பிறகு ஐம்பதில், பிறகு எண்பதில் ஓட்டி, ஸ்டியரிங்கில் விரல்களை லேசாக வைத்தபடி மிதியை அழுத்தினேன். வண்டி எந்தப் பக்கமும் இழுக்காமல் நேராக நின்றது. பரிசோதனை நிலையத்தின் உருளைகளின் மேல் ஏற்றியபோது, இடது வலது முட்கள் இரண்டும் ஏறக்குறைய சேர்ந்தே ஏறின. பரிசோதகர் குழிக்குள் இறங்கிக் கவைத் தண்டின் பந்தை ஒரு கடப்பாரையால் நெம்பிப் பார்த்தார். இந்தத் தொழிலில் அதைத் தேடிப் பார்க்கத் தெரிந்தவரைச் சந்திப்பது எனக்குப் பெரிய சந்தோஷம்.

பின்சக்கரங்களுக்கும் அதே 1939-இன் பிரேக்தான். கைப் பிரேக்குக்குரிய கம்பி அங்கே தனியாகச் செல்கிறது. அந்த வேலையில் விசேஷமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்தவை மட்டும் சில: முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு ஷூக்களை மறுபடி நெருக்கி, சக்கர நட்டுகளையும் கவையின் பந்து மூடியையும் இறுக்கிப் பார்க்க வேண்டும், கிங்பின்னுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை கிரீஸ், பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணமுடையது என்பதால், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், இந்த நாட்டின் ஈரக்காற்றில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை அதை முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்ற வேண்டும்.